பழைய மவுண்டன் பைக்: எது அபூர்வம், எதற்கு விலை?

போன இரண்டு மாதத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருடைய வீட்டுப் பக்கத்தில் யாரோ ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் பழைய ஸ்டம்ப்ஜம்பர் மாடல் ஒன்றை விற்கிறார், வாங்கலாமா என்கிறார். இன்னொருவர் இளவயதில் பத்திரிகைப் படத்தில் பார்த்து ஏங்கிய க்ளைன் என்ற அமெரிக்க சைக்கிளை இப்போது தேடிக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் எந்த சைக்கிள் என்றே முடிவு செய்யவில்லை, "எது ரொம்ப அபூர்வமோ அதைச் சொல்லுங்கள், வாங்கிவிடுகிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். அவருக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியோடு கிளம்புகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

அபூர்வம் வேறு, மதிப்பு வேறு. 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் ஃப்ரேம் கட்டியவர்கள் ஏராளம். பத்து இருபது செய்துவிட்டு நிறுத்தியவர்கள் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவையெல்லாம் க்ளைனைவிட அபூர்வம், ஆனால் தேடுவார் இல்லை. ஃப்ரேம் அளவிலும் இதே கதைதான். மிகப் பெரிய, மிகச் சிறிய அளவுகள் குறைவாகவே செய்யப்பட்டன, ஆனாலும் நடுத்தர அளவுதான் சீக்கிரம் விலை போகும், ஏனென்றால் வாங்குகிறவருக்கு ஒருநாளாவது அதில் ஏறி ஓட்டிப் பார்க்க ஆசை இருக்கும். குறைவாகச் செய்திருக்க வேண்டும், நிறையப் பேர் தேட வேண்டும், கடையிலிருந்து வந்தபடியே மிஞ்சியிருக்க வேண்டும், அதை நிரூபிக்கவும் முடிய வேண்டும். நான்கும் ஒரே சைக்கிளில் சேரும்போதுதான் விலை ஏறுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்க்கும் வரிசை இது. முதலில், இந்த சைக்கிள் இல்லாமல் மவுண்டன் பைக்கின் கதையைச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அதற்கு எப்போதும் ஆள் இருக்கும். அடுத்தது பெயிண்ட். அப்புறம் பாகங்கள், அதாவது கடையிலிருந்து வந்தபோது இருந்த பிரேக், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), கியர், ஹேண்டில்பார் இன்னும் இருக்கிறதா என்பது. அப்புறம் சான்று: சீரியல் நம்பர், ரசீது, பழைய புகைப்படம். கடைசியாக, செய்த பொருள் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்பது.

பெயிண்ட்டை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பாகங்களைத் தேடிப் பிடித்துவிடலாம், வருடக்கணக்கில் ஆனாலும் கிடைக்கும். அசல் பெயிண்ட் போனால் போனதுதான். எவ்வளவு நேர்த்தியாக மறுபடி அடித்தாலும் அது நேற்றைய பெயிண்ட். கீறலும் துருப்புள்ளியுமாக இருக்கும் அசலுக்கும் பளபளவென்று புதிதாக அடித்ததற்கும் நடுவில் நின்றால், யோசிக்காமல் கீறல் விழுந்ததை எடுங்கள். வீட்டில் மாட்டினால் புதிதாக அடித்ததுதான் அழகாக இருக்கும் என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

இதை நான் கற்றது ஒரு கார் கொட்டகையில். கலிபோர்னியாவில் நான் இருக்கும் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய் ஃபேட் சான்ஸ் என்ற எஃகு சைக்கிள் ஒன்றைப் பார்த்தேன். அசல் பெயிண்ட், அசல் ஸ்டிக்கர் என்று விற்பவர் உறுதியாகச் சொன்னார். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, பெடல் அச்சு போகும் கூட்டின் அடியில் டார்ச் அடித்தேன். அங்கே குத்தியிருக்கும் எண்களின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், இதில் எண்களின் பள்ளத்தில் பெயிண்ட் தேங்கி ஓரம் மழுங்கியிருந்தது. பின்சக்கரம் மாட்டும் இடத்தின் உட்பக்கத்தில் நட்டு உரசிய இடத்தில், மேலே இருக்கும் நீலத்துக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. ஸ்டிக்கர் மேல் நகத்தை ஓட்டினேன், விளிம்பு தட்டியது. மேலே ஒரு பூச்சு கூட இல்லாமல் அண்மையில் ஒட்டியது அது. விற்பவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கு முன்னால் இருந்தவர் செய்திருக்கலாம். ஆனால் கேட்ட விலை அசலுக்கான விலை. வெறுங்கையோடு திரும்பினேன். அதற்குப் பிறகு டார்ச் இல்லாமல் எங்கும் போவதில்லை.

## முன்னோடிகளின் கைவேலை: பிரீஸர், ரிச்சி, கன்னிங்ஹம்

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், 1970களில் சில இளைஞர்கள் 1930கள், 40களின் ஷ்வின் எக்ஸெல்சியர் போன்ற தடித்த டயர் சைக்கிள்களை எடுத்து மலைப்பாதையில் இறக்கினார்கள். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே முறையான இறக்கப் பந்தயம் தொடங்கியது. ஏறக்குறைய 2 மைலில் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் அந்தக் கால பிரேக் சூடேறி, ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும், ஒவ்வொரு முறையும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பாதைக்கு ரீபேக், அதாவது மறுபடி அடைப்பது, என்றே பெயர்.

பழைய ஃப்ரேம்கள் உடைய ஆரம்பித்தபோது, இந்த ஓட்டத்துக்கென்றே புதிய ஃப்ரேமை ஜோ பிரீஸ் செய்தார். பிரீஸர் என்ற பெயரில் 1977-78இல் அவர் கட்டிய முதல் வரிசை பத்தே சைக்கிள்கள். முதலாவது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரிலேயே நிறுவனம் தொடங்கி, டாம் ரிச்சி செய்த ஃப்ரேம்களில் சைக்கிள் கட்டி விற்றார்கள். ரிச்சியின் மூட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: பித்தளையை உருக்கி ஊற்றி, அரம் போட்டு இழைத்து, ஒரு குழாய் இன்னொன்றிலிருந்து கிளை பிரிவது போல இருக்கும். அதே காலத்தில், அதே மலையடிவாரத்தில், சார்லி கன்னிங்ஹம் எல்லாரும் எஃகில் செய்துகொண்டிருந்தபோது பருத்த அலுமினியக் குழாயில் கட்டினார். முதலாவது 1979இல். மொத்தம் சுமார் 200தான் இருக்கும், பெரும்பாலும் பந்தய சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பாரோடு.

மேலே சொன்ன எல்லா அளவுகோலிலும் இவைதான் முன்னால் நிற்கின்றன. சிக்கல் சான்றில். முதல் வரிசை பிரீஸர் சந்தைக்கு வராது, வந்தால் நமக்கு முன் வேறு யாராவது பேசி முடித்திருப்பார்கள். ரிச்சி கிடைக்கும், ஆனால் முதல் சில வருடங்களின் ஃப்ரேமுக்கும் பின்னால் வந்த ரிச்சிக்கும் நடுவே விலை வித்தியாசம் மிகப் பெரிது, சீரியல் நம்பர், மூட்டின் வேலைப்பாடு, மேலே ஒட்டியிருக்கும் பெயர் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ரீபேக்கில் ஓடிய ஷ்வின் என்று சொல்லி வருவதைத் தொடவே தொடாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஷ்வின் ஃப்ரேமும் பழைய டிரம் பிரேக்கும் கிடைத்தால் அதை இன்றைக்கு யாரும் ஒரு வாரத்தில் கோத்துவிடலாம். அந்தக் காலப் புகைப்படத்தில், குறிப்பிட்ட ஓட்டுநரோடு, குறிப்பிட்ட பள்ளம் விழுந்த அதே ஃப்ரேம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது பழைய ஷ்வின், அவ்வளவுதான்.

யாருக்கு இது சரி? பணம் பெரிதாக இருக்க வேண்டும், பொறுமை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஃபேர்ஃபாக்ஸில் உள்ள மரின் சைக்கிள் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறையாவது போய் அசலை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகே இந்தப் பக்கம் இறங்குங்கள்.

## முதல் தலைமுறை ஸ்டம்ப்ஜம்பர்

எண்ணிக்கை அதிகமாக இருந்தும் மதிப்போடு இருக்கிற சைக்கிள் இது, அதனால்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் மைக் சின்யார்டு, ரிச்சியின் சைக்கிள்களைப் பார்த்துவிட்டு, டிம் நீனனை வைத்து வடிவமைத்து ஜப்பானில் செய்யச் சொல்லி 1981இல் கொண்டுவந்தார். விலை 750 டாலர். தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து எல்லா ஊர்க் கடைக்கும் வந்த முதல் மவுண்டன் பைக் என்ற இடம் இதற்கு. ஸ்மித்சோனியனில் இதுவும் இருக்கிறது.

கடைக்காரர் கையால் விற்ற சாதாரண சைக்கிள் என்பதால், வாங்கியவர்கள் இதை ஓட்டினார்கள், தேய்த்தார்கள், நல்ல பாகம் வந்ததும் மாற்றினார்கள். இந்தத் தலைமுறையில் இருந்த பிரெஞ்சு டிஏ கிராங்க், மாஃபாக் பிரேக், மோட்டார் சைக்கிள் பாணி பிரேக் லீவர், ஹேண்டில்பாரும் அதை ஃப்ரேமோடு இணைக்கும் ஸ்டெம்மும் ஒன்றாகச் சேர்ந்த அந்த முக்கோணத் தண்டு, இவை எல்லாம் அப்போது வேண்டாதவை. 1982இல் ஷிமானோவின் டியோர் எக்ஸ்டி என்ற மவுண்டன் பைக் பாகங்களின் தொகுப்பு வந்ததும் பலர் அதற்குத் தாவினார்கள். ஆக, ஃப்ரேம் கிடைப்பது கடினமில்லை. வந்தபடியே இருக்கும் முழு சைக்கிள்தான் கிடைக்காது.

மறைந்திருக்கும் செலவும் இங்கேதான். வெறும் ஃப்ரேமை மலிவாக வாங்கிவிட்டு, "பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வேன்" என்று கிளம்புகிறவர்கள் கடைசியில் முழு சைக்கிளின் விலையைவிட அதிகம் கொடுத்திருப்பார்கள், அதுவும் முழு சைக்கிளின் மதிப்பு வராமல். சரியான பிரேக் லீவர் ஒரு ஜோடிக்காக நான் எட்டு மாதம் காத்திருந்தேன். கணக்கு எளிது: டயர், கேபிள், சீட் தவிர மற்றவை அசலாக இருந்தால் வாங்குங்கள். கிராங்க்கும் ஹேண்டில்பாரும் இல்லை என்றால் விலையில் பாதியையாவது குறைக்கச் சொல்லுங்கள், குறைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு பலமும் இதற்கு உண்டு. எஃகு ஃப்ரேம், பழுது பார்க்க முடியும், இன்றும் ஓட்ட முடியும். என்னிடம் இருப்பதை ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் வாங்கினேன். சைக்கிளைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அதில் கடை ரசீது, சீரியல் நம்பர் எழுதிய உத்தரவாத அட்டை, சைக்கிளோடு அவர் நிற்கும் ஒரு கலர் போட்டோ. போட்டோவில், சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட்டுக்குக் கீழே ஒரு கீறல் தெரிகிறது. அதே கீறல் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. அந்த உறைக்காக அவர் தனியாகப் பணம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

## ட்ரெக்குக்கு முந்தைய க்ளைன்

வாஷிங்டன் மாநிலத்தின் செஹேலிஸ் ஊரில் கேரி க்ளைன் செய்த அலுமினிய சைக்கிள்கள். 1995இல் ட்ரெக் நிறுவனம் வாங்கியது. சேகரிப்பவர்கள் அதற்கு முன், அதற்குப் பின் என்று கோடு போட்டே பேசுவார்கள், விலையும் அந்தக் கோட்டில்தான் மாறுகிறது. ஆட்டிட்யூட், அட்ராய்ட் என்ற இரண்டு மாடல்களைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள்.

க்ளைனை வாங்குகிறவர் உண்மையில் பெயிண்ட்டைத்தான் வாங்குகிறார். ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்து மூன்றாவதாக மாறும், ஃப்ரேமில் தொடங்கி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், ஸ்டெம், ஹேண்டில்பார் வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போகும். கேபிள்கள் குழாய்க்குள் ஓடுவதால் அந்த நிறத்தை மறைக்க எதுவும் இல்லை. வெயிலில் நிற்க வைத்துப் பார்த்தவர்களுக்கு விலை ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டாக வரும் 'மிஷன் கண்ட்ரோல்' அமைப்போடு, ஃப்ரேமுக்கு ஏற்ற அதே நிறத்தில், அதே ஃபோர்க்கோடு கிடைத்தால் அதுதான் முழுசு. 90களின் நடுவில் முன்பக்க சஸ்பென்ஷன் மோகத்தில் பலர் அந்த ஃபோர்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். தனியாகக் கிடைக்கும் ஃபோர்க்கின் நிறம் உங்கள் ஃப்ரேமோடு ஒத்துப்போவது அதிர்ஷ்டம்.

இதன் தலைவலி பேரிங். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் இருக்கும் ஹெட்செட்டும் பெடல் அச்சுக் கூடும் க்ளைனுக்கே உரிய அளவில், உள்ளே அழுத்திப் பொருத்தியவை. சாதாரண சைக்கிள் கடையில் கொடுத்தால் சுத்தியலை எடுப்பார்கள், ஃப்ரேம் போய்விடும். சரியான கருவி வைத்திருப்பவரை முன்கூட்டியே கண்டுபிடித்து வையுங்கள், அந்தக் கூலியையும் விலையில் சேருங்கள். இன்னொன்று, அலுமினியம் களைத்துப் போகும் உலோகம். பின்பக்கக் குழாய் பெடல் அச்சோடு சேரும் இடத்திலும், ஃபோர்க் நுழையும் தலைக்குழாயின் அடியிலும் தலைமுடி போல விரிசல் இருக்கிறதா பாருங்கள். பெயிண்ட் அலைபோலச் சுருங்கியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். விரிசலைச் சரி செய்தால் பெயிண்ட் போய்விடும், பெயிண்ட் போனால் வாங்கிய காரணமே போய்விடும்.

சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க ஆசைப்படுகிறவருக்கு இதுதான். வாராவாரம் மலையேற நினைப்பவருக்கு வேண்டாம்.

## சாமர்வில் ஃபேட் சான்ஸ்

கிறிஸ் சான்ஸ் 1982இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஃபேட் சிட்டி, பாஸ்டனை ஒட்டிய சாமர்வில் ஊரில் எஃகு சைக்கிள் செய்தது. 1990இல் வந்த யோ எடி மாடல்தான் பலருக்குக் கனவு. 1994இல் நிறுவனம் கைமாறி நியூயார்க் மாநிலத்துக்குப் போனது. கூடப் போகாத வேலையாட்கள் சிலர் சேர்ந்து 1995இல் இண்டிபெண்டண்ட் ஃபேப்ரிகேஷனைத் தொடங்கினார்கள். அதனால் ஃபேட் சான்ஸில் முதல் கேள்வியே "எந்த ஊரில் செய்தது?" என்பதுதான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சீரியல் நம்பரும் பாகங்களின் தேதியும்தான் பேசும். அகன்ற, நேரான கால்களை உடைய அந்த யோ எடி ஃபோர்க் கூடவே இருக்க வேண்டும்.

மேலே சொன்ன கொட்டகை அனுபவம் இந்த சைக்கிளில்தான் என்பதை மறக்க வேண்டாம். எஃகு நீண்ட நாள் உழைப்பதாலேயே உரிமையாளர்கள் சலிக்காமல் மறுபடி மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஓட்டவும் வேண்டும், மதிப்பும் குறையக்கூடாது என்று கேட்பவருக்கு ஸ்டம்ப்ஜம்பருக்கு அடுத்து இதைச் சொல்வேன். ஓட்டத்தில் இது அதைவிடப் பல மடங்கு மேல்.

## பந்தயக் கதையுள்ள யெட்டி சி-26

1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலக மவுண்டன் பைக் போட்டி நடந்தது. பந்தய வீரர் ஜான் டோமாக் அந்தப் பருவத்தில் வளைந்த பந்தய ஹேண்டில்பாரோடு ஓட்டிய யெட்டி சி-26 படத்தைப் பார்க்காத ரசிகர் இருக்க மாட்டார். அலுமினியத்தின் மேல் கார்பன் போர்த்திய ஈஸ்டன் குழாய்களை ஒட்டிச் செய்த, மிகக் குறைவாகவே வெளிவந்த ஃப்ரேம்.

ஆனால் பசையால் ஒட்டியது. வயதான ஒட்டு எப்போது விடும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, கார்பனும் உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பும் வரும். ஓட்டுவதற்கு இதை வாங்காதீர்கள். "டோமாக் ஓட்டியது" என்ற வார்த்தைக்கு, படத்தோடு பொருந்தும் அடையாளம் இல்லாமல் ஒரு டாலரும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| எது | மதிப்பு எதில் நிற்கிறது | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| பிரீஸர், ரிச்சி, கன்னிங்ஹம் | செய்தவர் கை, முதல் வருடங்கள் | சான்றைத் தேடும் காலம், பயணம் | பெரிய பணம், பெரிய பொறுமை |
| முதல் ஸ்டம்ப்ஜம்பர் | வந்தபடியே முழுதாக இருப்பது | இல்லாத பாகங்கள் | முதன்முதலாகச் சேகரிப்பவர் |
| ட்ரெக்குக்கு முந்தைய க்ளைன் | பெயிண்ட், அதே நிற ஃபோர்க் | பேரிங் வேலை, விரிசல் | பார்த்து ரசிப்பவர் |
| சாமர்வில் ஃபேட் சான்ஸ் | எந்த ஊர், அசல் பெயிண்ட் | மறைத்து அடித்த பெயிண்ட் | ஓட்டவும் வைத்திருக்கவும் |
| யெட்டி சி-26 | பந்தயக் கதை, எண்ணிக்கை | ஒட்டு விடுவது | பந்தய வரலாற்றில் ஊறியவர் |

90களின் எந்த சைக்கிளாக இருந்தாலும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கைத் தனியாகப் பாருங்கள். உள்ளே ஸ்பிரிங்குக்குப் பதில் இருந்த ரப்பர் போன்ற உருளைகள் இந்நேரம் கல்லாகியிருக்கும், அல்லது உருகிப் பிசினாகியிருக்கும். அழுத்தினால் இறங்காத ஃபோர்க்கை "கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது" என்று சொல்லி விற்பார்கள். மாற்று உருளைகள் சில மாடல்களுக்குக் கிடைக்கின்றன, எல்லாவற்றுக்கும் இல்லை.

சரி, கேட்ட மூவருக்கும். ஸ்டம்ப்ஜம்பர்காரர் நாளைக்கே போய்ப் பார்க்கட்டும், கிராங்க்கும் ஹேண்டில்பாரும் அசல் என்றால் பேரம் பேசி எடுத்து வரட்டும். க்ளைன்காரர், இத்தனை வருடம் மனதில் வைத்திருந்ததால், வேறு எதை வாங்கினாலும் திருப்தி வராது, அதே நிற ஃபோர்க் உள்ளது வரும்வரை காத்திருங்கள். எது அபூர்வம் என்று கேட்டவர் இப்போதைக்கு எதையும் வாங்காமல், ஆறு மாதம் விற்பனைக்கு வருவதையெல்லாம் பார்த்து, எது என்ன விலைக்குப் போகிறது, எது போகாமல் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும்.

தூரத்திலிருந்து வாங்குவதாக இருந்தால் ஐந்து படங்கள் கேளுங்கள்: பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும் எண், பின்சக்கரம் மாட்டும் இடத்தின் உட்பக்கம், தலைக்குழாயின் அடிப்பக்கம், சீட் போஸ்ட்டை வெளியே எடுத்து வைத்த படம், ஸ்டிக்கர் ஒன்றின் விளிம்பு பக்கத்தில். சீட் போஸ்ட் படத்தை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். அலுமினியத் தண்டு எஃகுக் குழாயில் இறுகிப் பிடித்துக்கொண்டு வெளியே வராத சைக்கிள்கள் நிறைய உண்டு, அறுத்து எடுக்கும்போது ஃப்ரேமும் சேர்ந்து கெடும். "எடுக்க நேரமில்லை" என்று பதில் வந்தால் அது வெளியே வரவில்லை என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.